டிஸ்கெட்டில் சந்தனம்

2 செப்டம்பர் 1996, திங்கள், மலாக்கா

கல்லூரி முதல்வர் அறையில் இன்று என் பொறுமை போயே போய்விட்டது. வகுப்பு முடிந்தபின் லேபில் உட்கார்ந்து மாதக்கணக்கில் நான் எழுதிய புரோகிராம் கல்லூரிக்குச் சொந்தமாம். கல்லூரி கம்ப்யூட்டரில் எழுதினேன் அல்லவா, அதனால்! தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் வீரமுத்து அண்ணனின் பஸ்களுக்காக எழுதியது அது. எந்த ஷிப்டுக்கு எந்த பஸ், எந்தத் தோட்டத்தில் யாரை ஏற்றுவது என்று ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். முதல்வர் எந்த பஸ்ஸில் ஏறினார்? இப்போது கல்லூரி பெயரில் அண்ணனுக்கு விற்கப்போகிறாராம்.

"மோகனா, நீங்க டீச்சர். வியாபாரம்லாம் உங்களுக்கு எதுக்குலா?" என்றார் கடைசியில்.

எதுக்கா? காட்டுகிறேன்.

3 செப்டம்பர்

ராஜினாமா கொடுத்தாயிற்று. இந்த மாதக் கடைசிவரைதான் வேலை.

30 செப்டம்பர்

கல்லூரியில் கடைசி நாள். லேப் கம்ப்யூட்டரில் என் புரோகிராமை ஒரு வரி விடாமல் அழித்தேன். என் கையில் இரண்டு டிஸ்கெட் இருக்கின்றன, ஒன்று அசல், ஒன்று நகல். இனி எதை விற்பார்? வயிறு குளிர்ந்தது.

6 அக்டோபர், ஞாயிறு

சுங்கை ரம்பாய் ரப்பர் தோட்டத்துக்குப் போய் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சொந்தமாக சாப்ட்வேர் கம்பெனி, மலாக்கா டவுனில் கடை மாடியில் ஓர் அறை, முதல் வேலை வீரமுத்து அண்ணனுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்தில் அப்பாவைத் தம்புசாமி என்று யாரும் கூப்பிடுவதில்லை. 'டீச்சரப்பா'தான். கோயில் கமிட்டியில் அவருக்கு நாற்காலி போடுவதும் அதற்காகத்தான்.

"நாளைக்கு என்னைய என்னான்னு கூப்புடுவாங்க?" என்றார். அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் வாழ்க்கை என்ன, இவருக்குப் பட்டப்பெயர் வைப்பதற்கா? பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலித்தது.

13 அக்டோபர்

அப்பா இன்னும் பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

19 அக்டோபர், சனி

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நாளை சரஸ்வதி பூஜை. புது மெஷின், பூஜை போடாமல் முதன்முதலில் ஆன் செய்ய எனக்கே மனசு வரவில்லை. டிஸ்கெட்டில் உள்ளதையும் நாளைக்கே ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது?

20 அக்டோபர்

ஆகிவிட்டது.

காலையில் அப்பா வந்து நின்றார். தானாகவே பஸ் ஏறி வந்திருக்கிறார், கையில் மாலை, பழம், கிண்ணத்தில் குழைத்த சந்தனம். பூஜையை அவரையே செய்யச் சொல்லிவிட்டு, பசாருக்கு வெற்றிலை வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கம்ப்யூட்டருக்குப் பொட்டு, மேசைக்குப் பொட்டு, கதவுக்குப் பொட்டு. சாமி படத்துக்கு முன்னால் என் டிஸ்கெட்டுகள். அவற்றின் தகர மூடியை நகர்த்தி, உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"உள்ள இருக்கறதுதானே வேல செய்யுது? அதுக்குத்தானே போடணும்?"

நகலுக்கும் போட்டிருந்தார். ஒன்றுக்குப் போட்டு ஒன்றை விடக்கூடாதாம்.

கத்திவிட்டேன். "ஒங்களுக்கு என்னா தெரியும்? யாரு ஒங்கள வரச் சொன்னா? தோட்டத்துலயே கெடக்க வேண்டியதுதானே!" கீழே கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். கூப்பிடவில்லை நான். ஏன் கூப்பிட வேண்டும்?

21 அக்டோபர்

துடைத்துப் பார்த்தேன். கழுவியும் பார்த்தேன். எதைப் போட்டாலும் கரகரவென்று சத்தம், பிறகு 'படிக்க முடியவில்லை'. அங்கே நானே அழித்தேன், இங்கே அவர் அழித்தார். நல்ல குடும்பம்! ஒரு நாள் முன்னால் மெஷினை ஆன் செய்திருந்தால்... பட்டதாரியாம், டீச்சராம். தூ.

23 அக்டோபர்

வீரமுத்து அண்ணனுக்கு இன்று புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டிய நாள். வெறுங்கையோடு போய் நடந்ததைச் சொன்னேன். வேலை போனது என்றே நினைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்தே போயிருப்பேன்.

"என் புது பஸ்ல ரேடியேட்டர் மூடியத் தொறந்து விபூதியக் கொட்டுனான் என் மச்சான். அவனையே இன்னும் வீட்டுல வச்சி சோறு போடறேன். நீ திரும்ப எழுதும்மா. தீபாவளி போவட்டும்."

26 அக்டோபர்

அப்பா மறுபடியும் வந்தார். அடுக்குச் சட்டியில் சோறு, நெத்திலி சம்பல். மன்னிப்பு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். போன் அடித்தபோது அவரே எடுத்து, "கம்பெனிதான், சொல்லுங்க" என்றார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் இரண்டு கையும் கீபோர்டில் இருந்தன.

4 நவம்பர்

தினமும் வருகிறார். மேசையில் எதையும் தொடுவதில்லை, பார்த்தே நடக்கிறார். அதைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

22 நவம்பர், வெள்ளி

திங்கள் முதல் வீரமுத்து அண்ணனின் பஸ்கள் என் புரோகிராமில்தான் ஓடுகின்றன. முதல் நாள் ஒரு ஷிப்ட் குழம்பியது, ஓடிப்போய்ச் சரிசெய்தேன். இன்று அவரிடமிருந்து திரும்பிப் படியேறும்போது, மேலே அப்பா போனில் பேசுவது கேட்டது. கல்லூரியிலிருந்தாம்.

"டீச்சரா? இங்க டீச்சர் யாரும் இல்ல. மொதலாளிதான் இருக்காங்க, வெளிய போயிருக்காங்க. என்னா வேணும்?"

மீதிப் படிகளை மெதுவாக ஏறினேன். பிறகு உள்ளே போய், பேசியது யார், ஏன் பெயர் கேட்டு வைக்கவில்லை என்று திட்டினேன். காது கேட்காதவர் மாதிரி எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.