கம்பி அவளிடம், துணி என்னிடம்

மார்ச் 6, வெள்ளி

வருடா வருடம் என்னோடு மலையேறும் நெட்டை இந்த முறையும் வரவில்லை. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கூட்டம் நெரியும் நேரம் பார்த்து அவளிடமிருந்து போன். "பாப்பாவ விட்டுட்டு நாலு நாள் எப்படிடி மலையேறுறது? நீயாவது போயிட்டு வா." போன வருடம் அவள் வயிற்றில் பிள்ளை என்று இரண்டு பேருமே போகவில்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது, மலைக்கு மட்டும் தவறாமல் வருவேன் என்றவள்தான்.

சரி என்றேன். எங்கள் சிநேகிதி வக்கீலும் அவள் புருஷனும் போகிறார்கள், நானும் போகிறேன். ரோஷம்தான், வேறென்ன. வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டினேன். பழக்கத்தில் கையே கட்டிவிட்டது.

மார்ச் 7, சனி

காலையிலிருந்து ஏற்றம். வக்கீலும் அண்ணனும் (அவள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவேன்) முன்னால், நான் பின்னால். அவர்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். என்ன ஜோக் என்று கேட்க ஓடவா முடியும், முதுகில் இத்தனை சுமையோடு?

சாயங்காலம் பையைக் கவிழ்த்தேன். டென்ட் துணி, முளைகள், கயிறு. டென்ட்டை நிறுத்தும் கம்பி இல்லை. எப்படி இருக்கும்? அது எப்போதும் நெட்டையிடம்தானே. டென்ட் வாங்கிய அன்றே அவள்தான் பிரித்தாள்: "துணி உன்கிட்ட, கம்பி என்கிட்ட. ஒருத்தி டிமிக்கி குடுத்தா இன்னொருத்தியும் போக முடியாது." அப்படியிருந்தும் வந்து நிற்கிறேன் பார், அசடு.

வக்கீல் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு, "எங்ககூட வந்து படுடி, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் அதுவும் இரண்டு பேர் டென்ட். காற்றாடப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று புளுகிவிட்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டித் துணியைப் போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

மழை. ஈரத்துணி மூக்கில் இடிக்கிறது.

மார்ச் 9, திங்கள்

உச்சி. அவர்கள் இருவரையும் போட்டோ எடுத்தேன் — நின்று, உட்கார்ந்து, கைகோத்து. என்னையும் ஒன்று எடு என்று கேட்க வாய் வரவில்லை.

அங்கே மட்டும் சிக்னல் கிடைத்தது. நெட்டைக்கு அனுப்பினேன்: "கம்பி உன்கிட்டயே இருக்குடி, மறந்தே போச்சு." பதில் வராமல் இறங்க மனசில்லை. "இருட்டிடும்மா" என்றார் அண்ணன். இறங்கினேன்.

அவளுக்கு வீடு நிறைய ஆட்கள். எனக்கு அவளை விட்டால் யார்? அடுத்த வருடமாவது வருவாயா என்று கேட்டிருக்கலாம். பயம்.

மார்ச் 11, புதன்

கடை. கால் வலி உயிர் போகிறது. நெட்டையின் பதில் வந்தது: விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள். கூடவே, "அதே வீட்லதான இருக்க?" எதற்குக் கேட்கிறாள்? வருகிறாளோ? வீட்டைப் பெருக்கித் துடைத்து, போர்வைகளைத் துவைத்துப் போட்டேன்.

மார்ச் 16, திங்கள்

கூரியரில் நீளமாக ஒரு பொட்டலம். பிரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. கம்பிகள். துடைத்து, பாப்பாவின் பழைய துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறாள்.

போன் செய்தேன். "இனிமே நீ எனக்காகக் காத்திருக்க வேணாம்டி" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். பாப்பா அழுதது, வைத்துவிட்டாள்.

கூடத்தில் மேஜையை ஒதுக்கிவிட்டு டென்ட்டைத் தனியாகவே நிறுத்தினேன். ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் பிடுங்கிக்கொண்டது. வியர்த்து வழிந்து, ஒருவழியாக நின்றது. உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், வலது ஓரத்தில் துணியோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். அவளுக்கு இடம் விட்டு.