தெளிவாகத் தெரியும் வரை

நேற்றுக் காலை கோர்ட்டுக்குக் கட்டிக்கொள்ளச் சேலை எடுத்தேன். பீரோவின் மேல்தட்டிலிருந்து உங்கள் சிவப்புக் கொடி காலடியில் விழுந்தது. கைக்குட்டையை விடச் சிறிய துணி. அந்துருண்டை வாடையையும் மீறி அதில் பழைய கயிற்றின் மணம் இருந்தது. மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். கோர்ட்டில் என்ன நடந்தது என்பதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

கடற்படையில் இருந்த நாளில் பாய்மரப் பந்தயம் ஓடினீர்கள். ஓய்வு பெற்ற பிறகு பந்தயங்களுக்கு நடுவராகப் போனீர்கள். கடல் இல்லாத திண்டுக்கல்லில் அதைக் கேட்க என்னை விட்டால் உங்களுக்கு ஆள் கிடையாது. சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியை மிதவையாக்கி, இரண்டு கரண்டிகளைப் படகுகளாக்குவீர்கள்.

"காத்து வலது பக்கமிருந்து அடிக்கிற படகுக்குத்தான் வழி. இடது பக்கம் அடிக்கிறது விலகணும். நீ இந்தக் கரண்டி."

"நான் ஏன் விலகுற கரண்டி?"

"ஒருநாளாவது விலகித்தான் பாருங்களேன், மதர்."

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்பதால் எனக்கு அந்தப் பட்டம். எனக்கு அந்த விதிகள் பிடித்திருந்தன. யாருக்கு வழி என்பதில் மழுப்பல் இல்லை. ஒரு விதியை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். வழி உள்ள படகும் மோதலைத் தவிர்க்கத்தான் வேண்டும். ஆனால் எதிரே வருவது விலகப்போவதில்லை என்று தெளிவாகத் தெரியும் வரை அது தன் போக்கிலேயே போகலாம். எவ்வளவு கச்சிதமான விதி என்று வியந்தேன்.

பிறகு பந்தயங்களில் புதுவகை வேகப் படகுகள் வந்தன. தண்ணீரைத் தொடாமல், அடியில் உள்ள இறக்கைத் தகட்டின் மேல் எழும்பிப் பறப்பவை. முதலில் முகம் சுளித்தீர்கள். உங்கள் காலத்தில், தப்பு செய்த படகைப் பார்த்து 'புரோட்டஸ்ட்' என்று கத்திவிட்டுச் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். கரைக்கு வந்ததும் மேசையில் பொம்மைப் படகுகளை நகர்த்தி விசாரணை நடக்கும். இந்தப் புதுப் பந்தயத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எங்கோ திரைமுன் இருக்கும் நடுவர்கள் சில நொடிகளில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தப்பு செய்த படகு வட்டமடித்துத் தண்டனை கழிப்பதும் இல்லை. வேகத்தைக் குறைத்துப் பின்தங்கினால் போதும். கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு வேறு. அதை ஒட்டி வந்துவிட்ட படகு திரும்புவதற்குப் பக்கத்துப் படகு இடம் கொடுத்தாக வேண்டும்.

"அப்போ என் விதி?" என்று கேட்டேன்.

நீங்கள் கரண்டிகளைக் கீழே வைத்தீர்கள். "எழுத்துல இருக்கும்மா. ஆனா அம்புட்டு வேகத்துல தெளிவாத் தெரியிறதுன்னு ஒண்ணு கிடையாது. தெரியும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். வழி நம்மளதா இருந்தாலும், அவன் என்ன செய்வான்னு முன்னாடியே யோசிச்சு வச்சுக்கணும்."

ரோட்டில் ஸ்கூட்டரையும் நீங்கள் அப்படித்தான் ஓட்டினீர்கள். ஆட்டோ, ஆடு, மினி பஸ் எல்லாவற்றுக்கும் நின்றீர்கள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போனது. "ஊருக்கெல்லாம் வழி விட்டா நாம எப்பத்தான் வீடு போய்ச் சேர்றது?" என்பேன். "செத்த நேரம் கழிச்சுச் சேர்வோம்" என்பீர்கள்.

எரியோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிய அன்றும் அதுதான் நடந்தது. இடப்பக்கக் கிளைச்சாலையில் ஒரு கார் வந்தது. அது நிற்க வேண்டிய இடத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. நீங்கள் வேகத்தைக் குறைத்தீர்கள். நான் சொன்னேன்: "மெயின் ரோட்டுல போறது நாம. அவன்தான் நிக்கணும். போங்க."

நீங்கள் போனீர்கள். அவன் நிற்கவில்லை. எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

தப்பு அவன்மேல் என்று போலீஸ் சொன்னது, மகன் சொன்னான், துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். நான் சொன்ன ஒரு சொல்லை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டால்கூட நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்குகிறீர்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

நேற்று சாட்சி சொல்லப் போனேன். வராந்தாவில் அரசு வக்கீல், "நீங்க மெயின் ரோட்டுல வந்தீங்க, அவன் சைடுலருந்து வேகமா வந்தான். அம்புட்டுதாம்மா, மேல எதுவும் பேசாதீங்க" என்றார். கார் ஓட்டியவன் கூண்டில் நின்றான். நம் மகன் வயதுதான் இருக்கும்.

அவனுடைய வக்கீல் கேட்டார்: "கார் வர்றதை முன்னாடியே பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவரும் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். போங்க என்று நான்தான் சொன்னேன். வழி எங்களுடையதுதான். கார் நின்றிருக்க வேண்டும். ஆனால் போகச் சொன்னது நான்."

வெளியே வந்ததும் மகன் கொதித்தான். "எதுக்கும்மா அதச் சொன்னீங்க? தப்பு அவன் மேலதான?"

"அவன் மேலதான். இல்லைன்னு நான் சொல்லலையே."

"அப்புறம் ஏன்? கேஸே கெட்டுப்போச்சு!"

"உங்கப்பா நிறுத்தப் பார்த்தாரு. அது எழுத்துல இருக்கணும்."

அவன் ஓர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினான். வீட்டு வாசலில் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். உள்ளே வராமல் போய்விட்டான். வழக்கு என்னாகும் என்று தெரியாது.

கோர்ட்டில் ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது. 'போங்க' என்று நான் சொன்னபோது என் வலது கை உங்கள் தோளில் இருந்தது. அந்தத் தோள் ஒரு கணம் இறுகியது. பிறகு தளர்ந்தது. வண்டி வேகமெடுத்தது. என்னை நம்பிப் போனீர்களா, என்னோடு வாதாடி அலுத்துப் போனீர்களா? எல்லாவற்றுக்கும் திட்டமான பதில் கேட்டே வாழ்ந்த என் உள்ளங்கையில் அந்தத் தளர்வு அப்படியே இருக்கிறது.