முப்பத்தாறு கம்பிகள்

மார்ச் 4, திங்கள்
இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றே சொன்னேன். பெட்டியில் வருகிற ரெடிமேட் சக்கரம் பெட்டியில் இருக்கும்வரைதான் வட்டம்! யார் கேட்டார்கள்? பதினோராம் நாளே பின்சக்கரத்துக் கம்பிகள் தளர்ந்து ரிம் எட்டாய் வளைந்துவிட்டது. அக்கா மகள் முழங்கை சிராய்ந்து, சைக்கிளைத் தோளில் சுமந்து வந்தாள். கூரியர் வேலை அவளுக்கு. வெள்ளிக்குள் வண்டி இல்லையென்றால் அவள் ஏரியாவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அநியாயம்!

மார்ச் 5
அவளோடு கடைக்குப் போனேன். "ரோட்டுல குழி இருந்தா சக்கரம் என்ன சார் பண்ணும்?" என்கிறான் கடைக்காரன். குழியாம்! கம்பிகளைச் சுண்டிக் காட்டினேன். ஒன்று டிங், அடுத்தது டொக். சக்கரக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன் நான். (வாட்ச்மேன் அறையும் கம்பெனிக்குள்தானே இருக்கிறது?) விடவில்லை.
"யார்கிட்ட கதை விடுற? வாங்கின அன்னைக்கே முப்பத்தாறு கம்பியையும் நானே ஸ்போக் சாவி போட்டு முறுக்கினேன்யா. என் கை பட்டும் தளருதுன்னா உன் சரக்கு எப்படிப்பட்டது!"
கடையே திரும்பிப் பார்த்தது. அவன் மட்டும் சிரித்தான். பயம்.

மார்ச் 6
பயமில்லை. வெளியாள் சாவி போட்டால் கேரன்டி செல்லாதாம்! அட்டையில் எறும்பு படிக்கிற எழுத்தில் போட்டிருக்கிறான், அயோக்கியன்.
"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?" என்கிறாள் அக்கா. நான் தவளையாம்.
மகள்காரி, "விடுங்க மாமா, நல்லதுக்குத்தானே பண்ணீங்க" என்றாள். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மார்ச் 7
சோறு இறங்கவில்லை. ஏன்? நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?

மார்ச் 8, வெள்ளி
கடை திறக்குமுன் போய் நின்றேன், தனியாக. கடைக்காரன் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பியின் முனையையும் பார்த்தான். சாவி பட்ட தடமே இல்லை. புதுச் சக்கரம் கொடுத்தான். அதையும் என் கண்ணெதிரே சரிபார்க்க வைத்துத்தான் வாங்கினேன். அவள் பத்து மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.
"என்ன மாமா சொன்னீங்க அந்த ஆள்கிட்ட?"
"மிரட்டினேன்."
மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னேன். என்னிடம் அந்தச் சாவியே கிடையாது. வாங்கின அன்று, "சக்கரத்தை ஒரு தடவை பாத்துடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனாள். வந்து கேட்டபோது பார்த்தாச்சு என்றேன். நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை.