துணியில் குத்தாத பதக்கம்

என் ராசா,

நேற்று உன் படைப்பிரிவு அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். "உங்க பையனுக்கு வீரப்பதக்கம் அறிவிச்சிருக்காங்கம்மா" என்றார். நான் அவர் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்திவிட்டேன்.

என்னைத் திட்டாதே. உன் அப்பாவின் பதக்கத்தை வாங்க அப்பா உயிரோடு இல்லை. என் உள்ளங்கையில்தான் வைத்தார்கள். நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். பதக்கம் என்றாலே ஆளுக்குப் பதிலாகத்தான் வரும் என்று நினைத்துவிட்டேன்.

அந்த மனுஷன் போகவில்லை. ஜன்னலோரம் வந்து கத்தினார்: "அம்மா, உங்க பையன் நல்லா இருக்கார்! அடுத்த மாசம் அவரே மேடையேறி வாங்கிக்கப் போறார்!"

எதிர்வீட்டுக்காரி முதல் தெருமுனைத் தையல்காரர் வரை எல்லோருக்கும் கேட்டது. எனக்குத்தான் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. கதவைத் திறந்து, அடுத்தடுத்து மூன்று டம்ளர் டீ போட்டுக் கொடுத்தேன். மூன்றையும் மறுபேச்சில்லாமல் குடித்தார். அவருக்கும் ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

இன்று பீரோவிலிருந்து அப்பாவுடையதை எடுத்துத் துடைத்தேன். இத்தனை வருஷத்தில் அதன் ஊசி ஒரு துணியையும் தொட்டதில்லை. விழாவன்று அதை நான் குத்திக்கொண்டு முன்வரிசையில் உட்காருவேன். உன்னுடையதை என் கையில் கொடுத்தால் வாங்க மாட்டேன், சொல்லிவிட்டேன். நீ சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து சேர்.

கதவைச் சாத்தாமல் காத்திருக்கும்,
உன் அம்மா