பச்சை கவுனோடு வந்த தாள்

13 அக்டோபர் 2024, ஞாயிறு

இன்று நான்கு பெட்டிகள் திறந்தோம். பிரெஞ்சுப் பெண்கள் முந்நூறு வருடமாக என்ன உடுத்தினார்கள் என்று பஹ்ரைனில், மனாமாவில் ஒரு கண்காட்சி. ஒவ்வொரு உடைக்கும் அட்டை எழுதுவது என் வேலை. கிழிசல் தைப்பது அருணாவின் வேலை. சிவகங்கைக்காரி. ஈசா டவுனில் எங்கள் ஃப்ளாட்டின் சின்ன ரூமில்தான் இருக்கிறாள். போகவர ஒரே வண்டி, ஒரே சாப்பாடு.

முதல் கவுன் 1760-ஐ ஒட்டியது. இடுப்புக்கு இரண்டு பக்கமும் கூடை மாதிரி கட்டி, மேலே பட்டு. இதைப் போட்டால் வாசலில் பக்கவாட்டாகத்தான் நுழைய வேண்டும். அருணா கவுன் மாட்டிய பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இவுக எப்புடிக்கா பஸ் ஏறுவாக?"

16 அக்டோபர்

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கூடை, பட்டு எல்லாம் போய் மெல்லிய மஸ்லின் வந்துவிட்டது. பனிக்காலத்திலும் அதையே உடுத்திச் சளி பிடித்துச் செத்தவர்கள் உண்டாம். அட்டையில் சாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றார் விபின் அண்ணன். எங்கள் சூப்பர்வைசர். என் வீட்டுக்காரர் கிளிட்டஸோடு படித்தவர், எனக்கு இந்த வேலை வாங்கித் தந்தவர். சரி என்று அந்த வரியை அடித்துவிட்டேன்.

20 அக்டோபர், ஞாயிறு

பச்சை கவுன் வந்தது. 1860 வாக்கில், பாரிஸ். இரும்பு வளையக் கூண்டின்மேல் போடுவது. வலை போன்ற துணி அடுக்கடுக்காக, தோளில் துணியாலான இலைகள். இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. உதறினால் பொடி கொட்டுகிறது. ஓரத்தில் ஒன்பது கிழிசல்.

பெட்டியின் அடியில் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் ஒரு தாள். சாயத்தில் ஆர்சனிக் இருக்கிறதாம். பாஷாணம். கையுறை, முகமூடி இல்லாமல் தொடக் கூடாது, தைக்கவே கூடாது, அந்த இடத்தில் சாப்பிடக் கூடாது. அந்தக் காலத்தில் இந்த இலைகளைச் செய்த பெண்களுக்குக் கையெல்லாம் புண்ணாம்.

விபின் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். மடித்து என்னிடமே தந்தார்.

"நூத்தி அறுபது வருசத்துக்கு முந்தின சாயம், இன்னுமா இருக்கும்? ஓப்பனிங் முடியட்டும், பெறவு பாக்கலாம். அருணாகிட்ட சொல்லாத ரினி, அவ பயந்து வேலைய விட்டுருவா."

வேறு தையல்காரி கிடைக்க மாட்டாள் என்றார். என் விசா டிசம்பரில் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவுபடுத்தினார். மிரட்டலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். என் மகள் அக்ஸா ஒன்பதாம் வகுப்பு. அவள் விசா என் விசாவில் இருக்கிறது. அவள் அப்பா சவுதியில், யான்புவில்.

தாள் என் பையில் இருக்கிறது.

21 அக்டோபர்

விபின் அண்ணன் ஒரு பெட்டி கையுறை அனுப்பினார். அருணா பத்து நிமிடம் போட்டிருந்தாள், பிறகு கழற்றி வைத்துவிட்டாள். போட்டால் விரலுக்கு நூல் தெரியவில்லையாம். போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. நூல் நுனியை உதட்டில் நனைத்துக் கோத்தாள். குண்டூசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டே என்னோடு பேசினாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

24 அக்டோபர்

கை கழுவிவிட்டுச் சாப்பிடு என்று அருணாவிடம் சொன்னேன். அக்ஸாவிடம் சொல்கிற மாதிரி சொல்கிறீர்கள் என்று சிரித்துவிட்டுக் கழுவினாள். அவ்வளவுதான் நான் செய்தது.

30 அக்டோபர்

இரண்டு நாளாக அருணாவுக்கு வாந்தி. நகக்கண்களில் புண், வாயோரம் புண். கிளினிக்கில் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். கவுனில் இன்னும் இரண்டு கிழிசல் பாக்கி என்று இன்றைக்கும் டியூட்டிக்கு வந்தாள்.

வண்டியில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இப்போ சொல்லு, இப்போ சொல்லு என்று ஈசா டவுன் வரை மனசு அடித்துக்கொண்டது. இறங்கினோம். சொல்லவில்லை. ஓப்பனிங்குக்கு இன்னும் ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். என்ன மனுஷி நான்?

6 நவம்பர், புதன்

ஓப்பனிங். பெரிய ஆட்கள், பூக்கள், காமிரா. பச்சை கவுன் முன்னால்தான் அதிகக் கூட்டம். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

அட்டையில் என் எழுத்து: "நடன உடை, பாரிஸ், சுமார் 1860."

அருணா வரவில்லை. படுத்திருக்கிறாள்.

17 நவம்பர், ஞாயிறு

காலையில் பாத்ரூம் போக எழுந்த அருணா விழுந்துவிட்டாள். கால் தரையில் படுவதே தெரியலைக்கா, மெத்தை மேல நடக்குற மாதிரி இருக்கு என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நரம்பு, சர்க்கரை, வைட்டமின் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார்.

பையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். ஓரம் கசங்கிப்போயிருந்தது.

அவர் இரண்டு தடவை படித்தார். எப்போது கிடைத்தது என்று கேட்டார். அக்டோபர் இருபது.  சிறுநீர், முடி, நகம் எல்லாம் டெஸ்டுக்கு எடுத்தார்கள்.

இருபத்தெட்டு நாள்.

19 நவம்பர்

ஆர்சனிக்தான். அட்மிட் பண்ணிவிட்டார்கள்.

அருணாவிடம் நானே சொன்னேன். கட்டில் பக்கத்தில் நின்றபடி சொன்னேன், உட்கார மனம் வரவில்லை. விபின் அண்ணன் சொன்னது, என் விசா, அக்ஸா, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அதெல்லாம் எவ்வளவு சின்னதாக இருந்தது.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் கையுறையக் கழட்டியிருக்க மாட்டேன்ல?"

ஆமாம் என்றேன்.

"நீங்க போங்க."

25 நவம்பர்

ஆபீசில் கூப்பிட்டார்கள். அருணாவுக்கு எச்சரிக்கை சொல்லப்பட்டது, அவளாகத்தான் கையுறை போடவில்லை என்று டைப் அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் விசா உடனே புதுப்பிக்கப்படும். விபின் அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு வேறு தாள் கேட்டேன். நடந்ததைத் தேதி போட்டு எழுதினேன். சூப்பர்வைசர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அடியில் கையெழுத்து. ஒரு பிரதி ஆஸ்பத்திரிக்கு, ஒன்று அருணாவுக்கு.

வெளியே வந்து விபின் அண்ணன், "கலாஸ், எல்லாம் முடிஞ்சது ரினி. இனி என்னால ஒண்ணும் முடியாது" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. சொல்லாதே என்றவர் அவர், சொல்லாமல் இருந்தவள் நான்.

கிளிட்டஸுக்கு போன் பண்ணினேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, அக்ஸாவை நாகர்கோவிலில் சேர்க்க இடம் கேட்கிறேன் என்றார்.

11 டிசம்பர்

அருணா டிஸ்சார்ஜ். போக வேறு இடம் இல்லாததால் எங்கள் ஃப்ளாட்டுக்கே வந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. கைவிரலும் பாதமும் மரத்துப்போய்விட்டன. வருடக்கணக்கில் ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். இன்று ஊசியை எடுத்துப் பார்த்தாள். விரலில் குத்தி ரத்தம் வந்தது. வந்ததை அவள் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

சோறு வைத்தால் சாப்பிடுகிறாள். என்னோடு பேசுவதில்லை. அக்ஸாவோடு பேசுகிறாள்.

2 ஜனவரி 2025

கண்காட்சி முடிந்தது. என் வேலையும் போய்விட்டது, விசாவும் புதுப்பிக்கவில்லை. உடைகளைப் பெட்டி கட்டுகிறார்களாம். யார் கட்டுகிறார்கள் என்று கேட்டு ஆபீசுக்கு போன் பண்ணி, கையுறை, முகமூடி என்று கத்தினேன். போனை வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னேன், அவர் யார் யாருக்கோ பேசினார். ஆட்கள் முழுப் பாதுகாப்பு உடுப்போடு வந்து கட்டினார்கள் என்று பிறகு தெரிந்தது.

16 ஜனவரி, வியாழன்

அருணா ஊருக்குப் போனாள். நானும் அக்ஸாவும் மாதக் கடைசியில்.

காலையில் குளித்துவிட்டு என் ரூம் வாசலில் வந்து நின்றாள். சுடிதாரின் பின்பக்க ஜிப் திறந்திருந்தது. அக்ஸா ஸ்கூலுக்குப் போய்விட்டாள். வெகுநேரம் முயன்றிருப்பாள் போல, விரலுக்கு ஜிப் அகப்படவில்லை.

"இதப் போட்டு விடுங்க."

இத்தனை நாளில் என்னிடம் பேசிய ஒரே பேச்சு. திரும்பி நின்றாள். முதுகில் எலும்பு தெரிந்தது. மெல்ல இழுத்துப் போட்டேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பையை எடுக்கப் போய்விட்டாள்.

கீழே வண்டி வந்தது. லிஃப்ட் ரிப்பேர், மூன்று மாடி. பெட்டியை முதலில் இறக்கி வைத்துவிட்டு மேலே ஓடி வந்தேன். அவள் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் கால் பதிந்ததா என்று குனிந்து பார்த்துப் பார்த்து இறங்கினாள். விழுந்தால் பிடிக்க வேண்டுமே என்று நான் ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. படியைத்தான் பார்த்தாள்.