ஹெப்பரின் எதிலிருந்து வருகிறது என்று நீ கேட்ட மாலை

உன் மஞ்சள் கையேடு இப்போது என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. தெம்பனிஸ் வீட்டில் உன் அலமாரியை ஒழிக்கப் போனபோது உன் மகள் நஸ்ரின் எடுத்துக் கொடுத்தாள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கிளினிக்கில் கொடுப்பார்களே, அதேதான். பக்கத்துக்குப் பக்கம் தேதி, ரத்தம் உறையும் அளவு, அன்றைக்கு எத்தனை மாத்திரை. கடைசிப் பக்கத்தில் மட்டும் உன் கையெழுத்து. "கேட்க வேண்டியவை" என்று தலைப்பே போட்டிருக்கிறாய்.

முருங்கைக்கீரை வாரத்துக்கு எத்தனை நாள்? நோன்பு மாதத்தில் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது? பல் பிடுங்கினால் முன்கூட்டியே யாரிடம் சொல்ல வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக். கடைசிக் கேள்விக்கு மட்டும் டிக் இல்லை. "முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கலாமா?"

இந்தக் கேள்விகளையெல்லாம் ஒரு காலத்தில் நீ என்னிடம்தான் கேட்டாய். அப்புறம் கேட்காமல் விட்டாய். ஏன் விட்டாய் என்பது நீ இருந்தவரை நம் இருவருக்கு மட்டுமே தெரியும். இப்போது எனக்கும் நஸ்ரினுக்கும்.

நாற்பத்தாறு வயதில் உனக்கு இதய வால்வு மாற்ற வேண்டியிருந்தது. சிறு வயதில் வந்த காய்ச்சல் விட்டுப்போன வினை என்றார் டாக்டர். தேக்கா சந்தை மேல்மாடியில் உன் தையல் கடைக்குப் படியேறி வரவே நடுவில் இரண்டு தடவை நிற்க ஆரம்பித்திருந்தாய். விலங்குத் திசுவில் செய்த வால்வா, உலோக வால்வா என்று கேட்டார்கள். உன் வயதுக்கு உலோகம்தான் நீடிக்கும், ஆனால் ஆயுளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "பன்னியும் வேணாம், மாடும் வேணாம். இரும்பே போதும்லா."

சிரித்தோம். அப்போதே நான் பேசியிருக்க வேண்டும்.

என் வேலை உனக்குத் தெரியும். அறுவை நடக்கும்போது இதயத்தை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் இதயமும் நுரையீரலும் செய்கிற வேலையை ஓர் இயந்திரம் செய்யும். அதை ஓட்டுகிறவள் நான். "நீதான் மெஷின்ல இருக்கணும், வேற யாரும் வேணாம்" என்று நீ அடம்பிடித்தாய். பள்ளிக்கூடத் தோழி என்று மேலதிகாரியிடம் சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டேன்.

அறுவைக்கு முதல் நாள் மாலை வார்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் தொழப் போயிருந்தார். நீ கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரவிக்கைக்கு விளிம்பு தைப்பதுபோல ஆஸ்பத்திரிப் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாய்.

"ஸ்டெல்லா, என் ரத்தமெல்லாம் குழாய் வழியா வெளிய போய்த் திரும்பி வருமா?"

"ஆமா."

"உறைஞ்சு போயிடாது?"

"அதுக்குத்தான் ஹெப்பரின்னு ஒரு மருந்து குடுப்போம். ரத்தம் உறையாது."

போர்வை ஓரத்தை இன்னொரு தடவை மடித்தாய். பிறகு கேட்டாய்: "அது எதுலேர்ந்து செய்றாங்க? பன்னி கின்னி இல்லல்ல?"

எனக்குப் பதில் தெரியும். பன்றியின் குடலிலிருந்துதான் எடுக்கிறார்கள். உன் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து உன் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. நீ வேண்டாமென்று எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? வால்வு அதற்கு மேல் தாங்காது. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள். உண்மையில், அந்த ஒரு பதிலுக்குப் பின்னால் வரப்போகிற பேச்சை எதிர்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

"சேச்சே. அதெல்லாம் லேப்ல செய்றதுப்பா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாய். போர்வையை விட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாய்.

மறுநாள் ஹெப்பரின் ஏற்றியதும் உன் ரத்தத்தில் சில துளிகளைச் சோதனைக் கருவியில் வைத்தேன். உறைவதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று அது எண்ணும். நானூற்று எண்பதைத் தாண்டினால்தான் எங்கள் இடத்தில் இயந்திரத்தை ஓட்டலாம். முன்னதாக ஓட்டினால் குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். உன் ரத்தம் முந்நூற்றுப் பத்திலேயே உறைந்துவிட்டது.

சர்ஜன் தலையைத் தூக்காமல் கேட்டார். எண்ணைச் சொன்னேன். "இன்னும் கொடுங்கள்" என்றார். மயக்கமருந்து டாக்டர் மறுபடியும் ஏற்றினார். மறுபடியும் துளி, மறுபடியும் எண்ணிக்கை. முந்நூற்றுத் தொண்ணூறு. சிலருடைய ரத்தம் அப்படி முரண்டு பிடிக்கும், இது புதிதல்ல. ஆனால் அன்று அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தேன். பன்றியிலிருந்து இல்லை என்று சத்தியம்போலச் சொன்ன மருந்தை, மூன்றாவது தடவையாக உன் உடம்புக்குள் அனுப்பச் சொல்லி நின்றுகொண்டிருந்தேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு வந்தபோது, "போகலாம்" என்று சொல்லி இயந்திரத்தை ஓட்டினேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அரை மணிக்கு ஒரு தடவை சோதித்தேன். கடைசியில் ஹெப்பரினை முறிக்கும் மருந்து கொடுத்து, ரத்தம் பழையபடி உறையும்படி செய்தோம். பன்னிரண்டாம் நாள் நீ வீட்டுக்குப் போனாய். மூன்று மாதத்தில் கடையைத் திறந்தாய்.

அதன் பிறகு இரண்டரை வருஷம் நான்தான் உன் கையேடு. விரலில் ஊசி குத்தி ரத்தம் நிற்கவில்லை என்றால் எனக்குப் போன். கீரை மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், பசலைக்கீரையைப் பார்த்தாலும் எனக்குப் போன். "இவ இல்லாட்டி நான் என்னா செய்வேன்?" என்று வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வாய். அப்படிச் சொல்லும்போதெல்லாம் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

பிறகு ஒரு நாள் வார்டில் ஒரு பெரியவர், நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், உன்னைப் போலவே சர்ஜனிடம் கேட்டார். சர்ஜன் சுற்றி வளைக்காமல் சொன்னார்: ஆமாம், பன்றியிலிருந்துதான், இந்த அறுவைக்கு இதைப் போல நம்பிக்கையான மாற்று இல்லை, யோசித்துச் சொல்லுங்கள். பெரியவர் மகனைக் கூப்பிட்டார், மகன் மார்க்கம் படித்த யாரோ ஓர் ஆலிமைக் கூப்பிட்டார். "உயிர்காக்கிறதுக்குன்னா தடையில்லைன்னுட்டாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மொத்தம் பத்து நிமிஷம்.

அந்தச் சனிக்கிழமையே கடைக்கு வந்தேன். நீ ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாய். நான் சொல்லச் சொல்ல கத்தரிக்கோல் நின்றது.

"நான் கேட்டேன்ல?"

"கேட்ட."

"நீ இல்லைன்னு சொன்ன."

"ஆமா."

"உயிர் போற நேரத்துல அனுமதி உண்டுன்னு எனக்குத் தெரியாதா, ஸ்டெல்லா? பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கு ஒரு போன் போட்டிருப்பேன். துஆ கேட்டுட்டு மனசறிஞ்சு படுத்திருப்பேன். இவகிட்ட சொன்னா இவ தாங்க மாட்டா, இவளுக்கு அவ்வளவு அறிவு இல்லைன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

கத்தரிக்கோலைத் துணிமேல் வைத்தாய்.

பிறகு, "கடைசியா உறைய வைக்கக் குடுத்தீங்களே, அது எதுலேர்ந்து?" என்றாய்.

"மீன்லேர்ந்து."

உன் வாயோரம் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "கஸ்டமர் வர்றாங்க. நீ கிளம்பு" என்றாய்.

ஐந்து மாதம் பேசவில்லை. நோன்புப் பெருநாளன்று நஸ்ரினிடம் பிரியாணி கொடுத்தனுப்பினாய். கிறிஸ்துமஸுக்கு என் தோ பாயோ வீட்டுக்கு நீயே வந்தாய். மறுபடி பேசினோம், சிரித்தோம், சிராங்கூன் ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் இடிபட்டுச் சேர்ந்து நடந்தோம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு மருந்து பற்றி ஒரு கேள்வி கூட நீ என்னிடம் கேட்கவில்லை. பல்வலிக்கு மாத்திரை சாப்பிட்டதைப் பார்த்து நானாகக் கேட்டேன். "பார்மசில கேட்டுட்டேன்லா" என்று மரியாதையாகப் பதில் சொன்னாய். அந்த மரியாதை நீ என்னைத் திட்டியதைவிட வலித்தது. உன் மன்னிப்பில் ஒரு கதவு மட்டும் சாத்தியே இருந்தது. தட்ட எனக்கு உரிமையில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தாய். தலையில் சின்னக் காயம்தான். ஆனால் மூளைக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. மூன்றைச் சுற்றி இருக்க வேண்டிய உன் ரத்தம் உறையும் அளவு எட்டைத் தாண்டியிருந்தது; அவ்வளவு ஏறினால் கசிகிற ரத்தம் நிற்காது. வார்டில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு உடனே கேட்கத் தோன்றியது. "வேற ஏதாச்சும் மருந்து சாப்பிட்டாங்களா?" நஸ்ரின் இல்லை என்றாள். பிறகு யோசித்து, "சாப்பிடல ஆன்ட்டி. முட்டிவலின்னு மூணு வாரமா காலையும் ராத்திரியும் தைலம்தான் போட்டு நல்லா தேச்சுக்கிட்டாங்க" என்றாள். இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கிற தைலம். தோல் வழியாக உள்ளே போய் வார்ஃபரினின் வேகத்தை ஏற்றிவிடும். அதுதான் காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்படிச் சொல்வதுதான் நியாயம். ஆனால் பழைய நாளாக இருந்தால் தைல பாட்டிலைத் திறக்குமுன் எனக்குப் போன் வந்திருக்கும். "தொடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

நான்காம் நாள் நீ போய்விட்டாய். அன்றே அடக்கம். பெண்களோடு உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னிடம் வந்து, உன்னை அன்றைக்குக் காப்பாற்றிக் கொடுத்தவள் நான்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். கையை இழுத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

கையேட்டைக் கொடுத்த அன்று நஸ்ரின் லிஃப்ட்வரை வந்தாள். "உங்ககிட்ட கேட்டிருக்கலாமே ஆன்ட்டி, ஏன் கேக்கல?" என்றாள். அவளிடமும் இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு லிஃப்ட் வந்து போயின.

"உம்மா எங்ககிட்ட இதைச் சொன்னதே இல்ல" என்றாள். பிறகு, "உங்களைக் குத்தம் சொல்லணுமா, வேணாமான்னு எனக்குத் தெரியல ஆன்ட்டி. கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள். உன் மகள் நேர்மையானவள்.

இப்போதெல்லாம் ஒவ்வோர் அறுவைக்கும் முதல் நாள் மாலை நானே வார்டுக்குப் போகிறேன். நோயாளி கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஹெப்பரின் எதிலிருந்து வருகிறது என்று சொல்கிறேன். போன வாரம், முட்டைகூடத் தொடாத ஓர் அம்மா. கேட்டதும் கண் கலங்கிவிட்டார். "நான் கொஞ்சம் யோசிக்கட்டுமா?" என்றார். யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வெகு நேரம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சரி என்று தலையசைத்தார்.

நீயும் சரி என்றுதான் சொல்லியிருப்பாய். அதைச் சொல்லும் உரிமையை உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.