தெரியும் என்று சொல்லாதவர்கள்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்
சனிக்கிழமை

அன்பு மகள் ஜோவன்னாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நீ டப்ளினில் சுகமாக இருக்க வேண்டும், குளிரில் உதடு வெடித்து ரத்தம் வருகிறது என்றாயே, நெய் தடவினாயா. இதற்கு அடுத்த வரியில் நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. அந்த வரியை எழுதாமல் இருப்பதற்குத்தான் இந்தக் கடிதமே. ஜோ, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. ஈஸ்டர் முடிந்த வாரம் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். மருந்து ஏற்றுகிறார்கள், அது கொஞ்ச காலம் தள்ளிப்போடும், நோயைப் போக்காது. கிறிஸ்துமஸுக்கு இருப்பாரா என்று நான் கேட்டதற்கு டாக்டர் அப்பாவின் தோளைத் தொட்டார். டாக்ஸியில் ஏறியதும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, ஜோக்குட்டிகிட்ட மூச்சு விடாதே பிலோ, அவ அக்கவுண்ட்ஸ் பரீட்சை முடியட்டும் என்பதுதான். நானும் மாதா மேல் ஆணையாகச் சொல்ல மாட்டேன் என்றேன். அந்த ஆணையைத்தான் இப்போது மீறுகிறேன், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், அது என் பாடு. அவர் சோபாவில் தூங்குகிறார், டிவியில் சீரியல்காரி ஒருத்தி கத்திக்கொண்டிருக்கிறாள், அதை நிறுத்தினால் விழித்துக்கொள்வார் என்று அப்படியே ஓடவிட்டிருக்கிறேன். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, வாயைத் திறக்கும் முன்னே அழுதுவிடுவேன்.

ஏன் வாக்கை மீறினேன் என்று நீ கேட்பாய். அதற்கு என் ஆபீஸ் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு என்ன வேலை, லைனில் காத்திருங்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறாள் என்று நீயும் அப்பாவும் கேலி செய்வீர்களே, அந்த வேலையில் நடந்ததுதான். வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி, அதனால் அவர் பெயரை மாற்றி ரத்தினம்மா என்று எழுதுகிறேன். இத்தனை பெரிய மருத்துவக் காப்புறுதிக் கம்பெனியில் தமிழில் பேசுவதற்கு நானும் அமீராவும் மட்டும்தான், உனக்குத் தெரியும். சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது, கிடைக்கவில்லை என்று தமிழ்க்காரர்களுக்குப் போன் செய்து சொல்வது எங்கள் பொறுப்பு. கிடைக்கவில்லை என்று சொல்கிற நாள்களில் மத்தியானச் சோறு இறங்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு ஏம்மா, ஏம்மா என்று கேட்பார்கள், நாங்கள் எழுதிக் கொடுத்ததை மட்டும் படிக்க வேண்டும், எனக்கும் வருத்தம்தான் என்று ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக் கூடாது. எல்லாம் பதிவாகும், பதிவானதை வெளிநாட்டில் ஒரு குழு இங்கிலீஷில் மாற்றிப் படித்து மதிப்பெண் போடும். ஒருமுறை ஒரு கிழவியிடம் சரிம்மா, சரிம்மா என்று பேசியதைப் படித்துவிட்டு, சொந்தத் தாயாரின் விண்ணப்பத்தை நீ எப்படிக் கையாளலாம் என்று எனக்கு விளக்கம் கேட்டு மெயில் வந்தது. என் தாயார் செத்துப்போய் எத்தனை காலம். அன்றைக்கு நானும் அமீராவும் பேன்ட்ரியில் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எங்களுக்கு இன்னொரு கண்டிப்பான விதி உண்டு. பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் பேச வேண்டும். மகனிடமோ மருமகளிடமோ சொல்லக் கூடாது, பிறந்த தேதி, அடையாள அட்டை எண் எல்லாம் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் விஷயத்தை எடுக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்களுக்கு நம் வீடுகளைப் பற்றி என்ன தெரியும். நம் ஆள்களில் நோயாளிக்குத்தான் கடைசியாகத் தெரியும், பல வீடுகளில் தெரிவதே இல்லை. டாக்டரைத் தனியாகப் பிடித்து அம்மாகிட்ட அல்சர்னு சொல்லிடுங்க என்று கெஞ்சுவார்கள், டாக்டர்களும் பாவம் பார்த்துச் சில நேரம் பேசாமல் இருந்துவிடுவார்கள். ரத்தினம்மா புக்கிட் மேராவில் மகனோடு இருந்தவர். போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் அவருடைய சிகிச்சைக்கு அனுமதி வந்தது. நல்ல செய்தி சொல்லும் அழைப்பு என்றால் எங்களுக்குள் போட்டி, அமீராவிடமிருந்து பிடுங்காத குறையாக அதை நான்தான் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் பிறந்த தேதியை ஸ்கூல் பிள்ளை மாதிரிச் சத்தமாகச் சொன்னார். உங்க கீமோதெரபிக்கு அப்ரூவல் வந்திருச்சுங்க மேடம், கவலைப்படாம திங்கட்கிழமை போகலாம் என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அந்த அம்மாள் நிறுத்துவது கேட்டது. பிறகு, அல்சருக்கு ஊசி போடணும்னுதானே பையன் சொன்னான், கீமோன்னா அது அந்த வியாதிக்குத்தானேம்மா என்று கேட்டார். இல்லை என்று பொய் சொல்ல முடியாது, ஆமாம் என்று சொல்ல நான் யார். விவரங்களுக்கு உங்கள் மருத்துவரை அணுகவும் என்று திரையில் இருந்ததைப் படித்தேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்த அம்மாள் அழவில்லை ஜோ. எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு எம்பையன்கிட்ட சொல்லிறாதம்மா, பாவம், கஷ்டப்பட்டு மறைச்சு வச்சிருக்கான், மனசு விட்டுருவான் என்றார். சொல்ல மாட்டேங்க மேடம் என்றேன். பிறகு என்னிடம், நீ சாப்பிட்டியா என்று கேட்டார். நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். அமீராதான் தேடிக்கொண்டு வந்தாள், ரூல் போட்டவங்களா அழப்போறாங்க, நம்மதான் அழணும் லா என்று முதுகைத் தடவினாள். என் மேல் நானே புகார் எழுதி டீம் லீடரிடம் கொடுத்தேன். அவர் அந்த வெளிநாட்டுக் குழுவிடம் பதிவைக் கொடுத்துச் சரிபார்த்துவிட்டு வந்து, எல்லாம் விதிப்படி நடந்திருக்கிறது, அந்த அழைப்புக்கு உனக்கு முழு மதிப்பெண் என்றார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி ஒரு மதிப்பெண் நான் வாங்கியதே இல்லை.

அடுத்த வாரம் அந்த மகன் கூப்பிட்டார். அக்கா, இனிமே எங்க அம்மாவுக்குப் போன் போட்டுறாதீங்க, எதுன்னாலும் எனக்குப் போடுங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நல்லா சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காங்க என்று அத்தனை பணிவாகக் கேட்டார். அம்மாவே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் செய்யலாம் என்றேன். மறுநாளே கையெழுத்து வந்தது, அந்த அம்மாள் எதற்கு என்று கேட்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மகனிடம்தான் பேசினேன். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டால் அல்சர் குறையுதுன்னு நம்புறாங்கக்கா என்பார். அவர்களுக்குத் தெரியும் தம்பி என்று நாக்கின் நுனி வரைக்கும் வரும். சொன்னால் வேலை போகும், அது கூடப் போகட்டும், ஆனால் அந்த அம்மாளுக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்று இருந்ததே. ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டு மேசையில் தாயும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், இரண்டும் தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

மார்ச்சில் ரத்தினம்மா இறந்துபோனார். அதைத் தெரிவிக்க அந்த மகன் கூப்பிட்டபோதும் நான்தான் எடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. கடைசி வரைக்கும் எங்க அம்மாவுக்குத் தெரியாமயே பாத்துக்கிட்டேன்க்கா, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல் என்றார். அப்புறம் அவரே, ஆனா கடைசி வாரம் ஏதோ சொல்ல வர்ற மாதிரி என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, நான் டாக்டரைப் பாத்துட்டு வர்றேன்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிட்டேன் என்று சொல்லிவிட்டு விம்மினார். நான் திரையைப் பார்த்து, உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று படித்தேன். இரண்டு பேருக்கும் நல்லது செய்வதாக நினைத்து நான் சும்மா இருந்தேன், என்ன நல்லது நடந்தது சொல். அடுத்த மாதமே நம் வீட்டில் இது வந்து நிற்கிறது.

உன் அப்பா இப்போது என்ன செய்கிறார் தெரியுமா. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வருவதற்கு முன்னால் முகம் மழித்துக்கொண்டு, உள்ளே இரண்டு பனியன் போட்டு மேலே அந்தக் கட்டம் போட்ட சட்டையைப் போடுகிறார், இளைத்தது உனக்குத் தெரியக் கூடாதாம். கண் மஞ்சளாகப் போனதை மறைக்கத்தான் கறுப்புக் கண்ணாடி. பூசை முடிந்து தேக்கா மார்க்கெட்டில் பை நிறைய மீனும் கீரையும் வாங்கித் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பாரே, இப்போது பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துகொண்டு நீ போய் வா என்கிறார். உன்னோடு பேசி முடித்ததும் அப்படியே படுத்துவிடுகிறார், அன்றைக்குப் பூராவும் எழுந்திருப்பதில்லை. கண்ணாடியைப் பற்றி நீ கேட்டபோது கேட்டராக்ட் ஆபரேஷன், இடது கண் என்று நான் சொன்னேன். அடுத்த வாரம் அவர் வலது கண் என்று உளறினார். கணக்கில் ஒரு புள்ளி பிசகினால் ஆபீஸையே உலுக்குகிறவள் நீ, அன்றைக்கு ஓ, சரிப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கே மழை பெய்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். நீ சாப்பிட்டியா என்று ரத்தினம்மா பேச்சை மாற்றியதை நான் முன்பே ஒரு முறை போனில் கேட்டிருக்கிறேன் கண்ணே. உனக்குத் தெரிந்துவிட்டது, என்ன நோய் என்று தெரியாவிட்டாலும் பெரிதாக ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அப்பா மனசு விட்டுவிடுவார் என்று நீயும் நடிக்கிறாய். இன்னொரு வீட்டில் நடுவில் நின்றதே எனக்குப் போதும், என் வீட்டிலும் நிற்க என்னால் முடியாது.

பரீட்சை அடுத்த வருடமும் வரும், லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டு வா. அதற்கு முன்னால் இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவின் கைப்பேசிக்கே கூப்பிடு, எனக்கு வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்லடா ஜோக்குட்டி என்றுதான் ஆரம்பிப்பார். எனக்குத் தெரியும்ப்பா, அம்மா எழுதிட்டாங்க என்று சொல். என் மேல் கோபப்படுவார், படட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு ஒன்றும் பேச மாட்டார். அப்போது பயந்துபோய் மழையைப் பற்றிப் பேசிவிடாதே. அவர் அழட்டும், நீயும் அழு.

நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். ஆண்டவர் உன்னோடு வருவாராக. வரும்போது காதை மூடிக்கொண்டு வா, சளி பிடித்தால் அப்பா பக்கத்தில் உன்னை விட மாட்டார்கள்.

உன் அம்மா,
பிலோமினா ஜார்ஜ்